துளியும் இரைச்சல் இல்லை

தன் பெயர் போட்டிருந்த மதிப்புரையை பிலோமினா மூன்றாவது தடவையாகப் படித்தாள். பெயர் அவளுடையதுதான். பக்கத்தில் இருந்த சின்னப் புகைப்படமும் அவளுடையதுதான். எழுதியது மட்டும் அவள் இல்லை.

'மந்தரா, ஐந்து கம்பி பேஸ் கிட்டார். தோளில் மாட்டினால் பாரமே தெரியவில்லை. வயிற்றுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருப்பதால் நேராகச் சுவர் பிளக்கில் செருகி வாசிக்கலாம். அடிக்கம்பியின் நாதம் தேன் மாதிரி இறங்குகிறது. துளியும் இரைச்சல் இல்லை. ஐந்து நட்சத்திரம். பிலோமினா தாஸ். மனிதச் செவியால் சரிபார்க்கப்பட்டது.'

நான்கு நாள் முன்பு அவள், இசைக்கருவி விற்கும் 'ஒலிச்சான்று' தளத்துக்கு எழுதி அனுப்பியது வேறு. செருகிய கால் மணி நேரத்தில் அடாப்டர் சூடாகிறது, அப்போது ஹம் ஆரம்பிக்கிறது. கம்பியில் கை வைத்தால் ஹம் குறைய வேண்டும், இதில் கூடுகிறது. எர்த் சரியில்லை. இதை விற்கக் கூடாது. ஒரு நட்சத்திரம். அதுவும் பூஜ்யம் போட வழியில்லாததால்.

ஹம் என்பது மேடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சத்தம். கரண்ட்டின் அடிக்குரல் அது. தேனீக் கூட்டம் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது போல ஒரு உறுமல். பதினாறு வருஷம் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசித்தவள் பிலோமினா. எந்த ஹம்மை அலட்சியம் செய்யலாம், எந்த ஹம் கேட்டதும் கிட்டாரைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. மந்தராவில் கேட்டது இரண்டாவது வகை.

மேடையை விட்ட பிறகு ஒலிச்சான்றில் செவியாளராகச் சேர்ந்தாள். சேர்ந்தபோது நாற்பது பேர் இருந்தார்கள். பிறகு மதிப்புரைகளை இயந்திரமே எழுத ஆரம்பித்தது. ஒவ்வொரு கருவியையும் ஒரு மனிதக் காதாவது கேட்டிருக்க வேண்டும் என்ற விதி ஒன்று இருந்ததால் கடைசியில் அவள் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். கருவிகள் பெரம்பூரில் அவள் வீட்டுக்கே வரும். வாசித்துப் பார்த்து, எழுதி, திருப்பி அனுப்புவாள். வேலையில் ஒரே ஒரு நிபந்தனை. அவள் மொட்டு அணியக் கூடாது.

நகரத்தில் மொட்டு அணியாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மல்லிகை மொட்டு அளவில் காதுக்குள் உட்கார்ந்துகொள்ளும் அந்தப் பொருள் முதலில் ஹாரன் சத்தத்துக்கும் மெட்ரோ தோண்டும் சத்தத்துக்கும் மருந்தாகத்தான் வந்தது. இப்போது தூங்கும்போதுகூட யாரும் அதைக் கழற்றுவதில்லை.

பிலோமினா அலுவலகத்தைக் கூப்பிட்டாள். திரையில் மாளவிகா வந்தாள். முப்பது வயதிருக்கும். மரியாதையான பெண். குரல் உயர்ந்து ஒரு நாளும் பிலோமினா கேட்டதில்லை.

"உங்க ரிப்போர்ட் வந்துச்சு மேம். முழுசா படிச்சேன்."

"அப்ப அத ஏன் போடல?"

"போட்டோமே. சமன் பண்ணிப் போட்டோம்."

"சமன் பண்ணலம்மா. தலைகீழா மாத்தியிருக்கீங்க. கீழ என் பேரு இருக்கு."

மாளவிகா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல யோசித்தது போலத் தெரியவில்லை. எப்படி விளக்குவது என்று யோசித்தது போலத்தான் இருந்தது.

"மேம், இந்த மாடல் நாலாயிரம் பேர் கையில இருக்கு. ஹம் இருக்குன்னு ஒருத்தர்கூட சொல்லல. ஏன்னா வாங்கினவங்க எல்லாரும் மொட்டு போட்டவங்க. மதிப்புரையப் படிச்சுட்டுதான் வாங்கறாங்க. இப்படி இப்படி சத்தம் வரும்னு மனசுல ஒரு எதிர்பார்ப்பு இருக்கும் இல்லையா? மொட்டு அத பாத்துக்கும்."

"பாத்துக்கும்னா?"

"மதிப்புரையில இருக்கற மாதிரி சத்தத்த சீர் பண்ணிக் கொடுத்துடும். எங்களுக்கும் மொட்டு கம்பெனிக்கும் ரெண்டு வருஷமா ஒப்பந்தம். அதுக்கு முன்னாடி எவ்வளவு கருவி திரும்பி வரும் தெரியுமா? இப்ப ஒண்ணுகூட வரதில்ல. பேச்சுக்கும் அதேதான் பண்ணுது. தெளிவில்லாம பேசினா, அந்தச் சூழ்நிலைக்கு ஏத்த மாதிரி வாக்கியத்த சரி பண்ணிக் காதுல போடும். ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு."

இந்த இரண்டு வருஷமாக யாருக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று பிலோமினாவுக்குள் ஒரு எண்ணம் ஓடியது.

"அதாவது, இல்லாதத இருக்குன்னு எழுதறீங்க. இருக்கறத காதுலேருந்து எடுத்துடறீங்க."

"எல்லாருக்கும் எது கேக்குதோ அதுதானே மேம் உண்மை? அவங்க காதுல ஹம் இல்ல. அப்ப மதிப்புரை எப்படித் தப்பாகும்?"

"இது ருசி சமாச்சாரம் இல்ல மாளவிகா. எர்த் இல்லாத கிட்டார மாட்டிக்கிட்டு மைக்ல வாய் வச்சா ஆள் போயிடுவாங்க."

"லேப்ல டெஸ்ட் பண்ணி பாஸ் ஆயிடுச்சு மேம்."

"எத்தனை நிமிஷம் ஓட்டினாங்க?"

"அது எனக்குத் தெரியாது." அவள் கீழே எதையோ பார்த்துக்கொண்டாள். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? உங்களுக்கு நாப்பத்தேழு வயசு. நாலாயிரம் பேருக்குக் கேக்காதது உங்க ஒருத்தருக்குக் கேக்குது. ஒரு தடவ காது டெஸ்ட் பண்ணிக்கங்க. ஒரு படிவம் அனுப்பறேன். உங்க செவித்திறன்ல மாறுபாடு இருக்கலாம், சமன் செஞ்ச வடிவத்த ஏத்துக்கறீங்கன்னு. அவசரமில்ல, மெதுவா பாத்து கையெழுத்துப் போடுங்க."

படிவம் வந்தது. பிலோமினா அதைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து கோதண்டபாணி கூப்பிட்டார். பாணி அண்ணன் என்றால்தான் மேடைக்காரர்களுக்குத் தெரியும். பிலோமினா முதன்முதலில் ஒரு குழுவில் சேர்ந்தபோது அங்கே மூத்த பேஸ் கலைஞர் அவர்தான். ஒரு பெண் பேஸ் வாசிப்பதைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தில் சிரிக்காத ஒரே ஆள்.

"பிலோ, உன் பேரப் பாத்தேன். அடுத்த நிமிஷமே வாங்கிட்டேன். நீ சொன்னா அதுக்கு மேல என்ன இருக்கு?"

"எதண்ணே வாங்கினீங்க?"

"மந்தராதான். தேன் மாதிரி இறங்குதுன்னு எழுதியிருந்தியே, அட்சரம் பிசகாம அப்படியே இருக்கும்மா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அயனாவரத்தில் இருந்த அவர் வீட்டுக்கு பிலோமினா போனாள். இரண்டாவது மாடி. கதவைத் திறந்த வேதவல்லி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். "வா வா. மனுஷன் குளிக்கக்கூட எழுந்திருக்க மாட்டேங்கறாரு. பொழுது விடிஞ்சதுலேருந்து அதே வேலை."

பாணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கருஞ்சிவப்பு நிறத்தில் மந்தரா. முதுகுத்தண்டு தேய்ந்து எட்டு மாதமாக மேடை ஏறாதவர். பழைய கிட்டாரின் கனத்தைத் தாங்க முடியாமல் விற்றுவிட்டிருந்தார். அவள் போன முறை பார்த்தபோது தாடியும் மீசையுமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று முகம் மழித்து, சட்டையை மடித்துவிட்டு, ஐம்பத்தொன்பது வயதில் ஐந்து வயது குறைந்தவர் போல இருந்தார்.

"கேளு," என்று வாசித்துக் காட்டினார். விரல்களில் பழைய அழகு அப்படியே இருந்தது. அந்த அழகுக்கு அடியில், ஒரு நிமிடம்கூட ஓயாமல், உறுமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கம்பியைத் தொடும்போதெல்லாம் அது ஒரு படி ஏறியது.

"அண்ணே, நிறுத்துங்க. கை எடுங்க அதுலேருந்து. ஹம் அடிக்குது."

"எங்க?"

"இதோ. உங்களுக்குக் கேக்கலையா? எர்த் இல்லண்ணே இதுல. அந்த மதிப்புரை நான் எழுதினது இல்ல. மாத்திப் போட்டிருக்காங்க."

அவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். அவள்மேல் இருந்த மரியாதையால் கேட்டார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். "சத்தியமா ஒண்ணும் இல்லம்மா. கண்ணாடி மாதிரி இருக்கு."

"மொட்டக் கழட்டிட்டுக் கேளுங்க."

"கழட்டினா எனக்கு இந்த ஃபேன் சத்தம்கூட கேக்காது. முப்பது வருஷம் டிரம்ஸ் பக்கத்துலயே நின்னவன் நான். இது இருக்கறதாலதான் இன்னும் வாசிக்கறேன்."

பிலோமினா வேதவல்லியைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணி, நீங்க கழட்டிக் கேளுங்க. ஒரே ஒரு நிமிஷம்."

வேதவல்லி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, வலது காதிலிருந்தும் இடது காதிலிருந்தும் மொட்டுகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பாணி அவளைப் பார்த்துச் சிரித்தபடி அடிக்கம்பியை ஒரு தடவை மீட்டினார். அவள் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மொட்டுகளைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வித்தியாசமா ஒண்ணும் தெரியல பிலோமினா," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அந்த ஒரு நொடியில் பிலோமினாவின் உறுதி ஆட்டம் கண்டது. மொட்டு இல்லாத காதுக்கும் கேட்கவில்லை என்றால்? நாலாயிரம் பேர். லேப். இப்போது வேதவல்லி. அவள் தன் இரண்டு காதுகளையும் பொத்திப் பார்த்தாள். சத்தம் குறைந்தது. கையை எடுத்ததும் திரும்ப வந்தது. ஆனால் வயதானவர்களுக்குக் காதுக்குள்ளேயே இரைச்சல் கேட்கும் என்று எங்கோ படித்ததும் கூடவே நினைவுக்கு வந்தது.

"ஒரு எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டுக் காட்டுங்கண்ணே. அதுவரைக்கும் மேடையில வேணாம்."

"காட்டறேன்டாம்மா. கொளத்தூர்ல ஒரு ரிசப்ஷன் இருக்கு, எட்டு மாசம் கழிச்சு மொத புரோக்ராம். அது முடிஞ்சதும் மொத வேலை அதுதான்."

அடாப்டரைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். அவர் கோபித்துக்கொள்வார், பிறகு சரியாகிவிடுவார். அப்படிச் செய்ய வேண்டும் என்று மாடிப்படி இறங்கும்போது அவளுக்குத் தோன்றியது. மேலே மறுபடி பேஸ் ஒலித்தது. அதனுடன் வேதவல்லியின் சிரிப்புச் சத்தமும் கேட்டது. பிலோமினா திரும்பி ஏறவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை அவள் படிவத்தைத் திறந்து கையெழுத்துப் போட்டாள். நானும் போய்விட்டால் அங்கே கேட்க யாருமே இருக்க மாட்டார்கள் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட காரணம் அவளுக்கே ஒட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலையில், கொளத்தூர் கல்யாண மண்டப மேடையில், கோதண்டபாணி ஒரு பாட்டுக்குக் கோரஸ் கொடுக்க மைக் பக்கம் சாய்ந்தார். உதடு மைக்கில் பட்டது.

நடந்ததை பிலோமினாவிடம் சொன்னவர் டிரம்ஸ் வாசிக்கும் தனசிங். மருத்துவமனை வாசலில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டு சொன்னார்.

"எங்களுக்கு ஒண்ணுமே தெரியலக்கா. ஒரு நோட்டு வந்துச்சு. அடிக்கம்பி நோட்டு. அழகா, நீளமா போய்க்கிட்டே இருந்துச்சு. அண்ணன் கண்ண மூடிட்டு மைக்க ஒட்டி நின்னாரு. ரசிச்சு வாசிக்கறாருன்னு நெனச்சோம். அந்த நோட்டுக்கு ஏத்த மாதிரி நாங்களும் வாசிச்சோம்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம் இருக்கும். பந்தியில பரிமாறிட்டிருந்தவங்க ஓடி வந்தாங்க. அவங்க மொட்டு போடறதில்ல, சமையக்கட்டு சூடு ஒத்துக்காது. ஸ்பீக்கர் மிருகம் மாதிரி கத்துதுன்னு கத்திக்கிட்டே வந்து மெயின ஆஃப் பண்ணாங்க." தனசிங் வாயைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கு நடுவில் மிச்சத்தைச் சொன்னார். "ஆஃப் பண்ணப்புறமும் எனக்கு ரெண்டு செகண்ட் அந்த நோட்டு கேட்டுச்சுக்கா. அவரு கீழ விழுந்து கிடக்காரு. நோட்டு நிக்கல."

காரியங்கள் முடிந்த பிறகு பிலோமினா ஒலிச்சான்று பக்கத்தைத் திறந்தாள். இந்தத் தடவை வாடிக்கையாளர்கள் கருத்து எழுதும் பெட்டியிலேயே எழுதினாள். இந்தக் கிட்டார் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டது. அவர் பெயர் கோதண்டபாணி. எர்த் இல்லை. வைத்திருப்பவர்கள் இன்றே சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். பக்கம் ஒரு முறை சுழன்று நின்றது. அவள் எழுதியது வெளியாகியிருந்தது.

'மறைந்த கலைஞர் கோதண்டபாணி கடைசி மூச்சு வரை கைவிடாத கருவி. அவர் நினைவாக ஐந்து நட்சத்திரம். பிலோமினா தாஸ்.'

கீழே முன்னூறு பேர் கைகூப்பிய படம் போட்டிருந்தார்கள்.

மாளவிகா அன்று போனை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதம் வந்தது. கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் அதனுடன் இருந்தது.

பிலோமினா அயனாவரம் போனாள். வேதவல்லி தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காதில் மொட்டு இல்லை.

"அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு," என்றாள் எடுத்த எடுப்பில்.

பிலோமினா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ சொன்ன அதே உறுமல். பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டிருந்தாரு பிலோமினா. எட்டு மாசம் என்கிட்டகூட சரியா பேசல. தூக்க மாத்திரைய எண்ணி எண்ணி ஒளிச்சு வச்சவ நான். அன்னைக்குதான் சிரிச்சாரு. அத எப்படிப் பிடுங்கறது? புரோக்ராம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

பிலோமினாவால் அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி சொல்லாமல் மறைத்தாள், இன்னொருத்தி படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். "விசாரணை இருக்கு அண்ணி, வர்ற புதன்கிழமை. ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவோம்," என்று மட்டும் சொன்னாள்.

எழும்பூர் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் விசாரணை அதிகாரியின் அறை. அதிகாரியின் பெயர் இளங்கீரன். நரைத்த மீசை, சலவைச் சட்டை, இரண்டு காதிலும் மொட்டு. மேஜைமேல் மந்தரா சீட்டு கட்டிக் கிடந்தது. முதலில் வேதவல்லியைத் தனியாகக் கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார, பிலோமினா உள்ளே போனாள்.

"உக்காருங்கம்மா. இது பெரும்பாலும் முடிஞ்ச மாதிரிதான். கிட்டார லேப்ல பாத்துட்டாங்க, குறை இல்ல. மண்டபத்து வயரிங் மேலதான் சந்தேகம்."

"வயரிங் இல்ல சார். கிட்டார்தான். கால் மணி நேரம் ஓடினாதான் தெரியும். எனக்கு ஹம் கேட்டுச்சு. அவரு சம்சாரத்துக்கும் கேட்டுச்சு. இப்ப சொல்லியிருப்பாங்களே."

இளங்கீரன் எதிரில் இருந்த தாளைப் பார்த்தார். "இல்லையே. ரொம்ப நிதானமா, தெளிவா பேசினாங்க. கிட்டார்ல எந்தச் சத்தமும் கேக்கலன்னுதான் சொன்னாங்க. என் காதால கேட்டு, கையால எழுதியிருக்கேன்." தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். அப்படித்தான் எழுதியிருந்தது. "நீங்களும் இப்ப அதேதானே சொல்றீங்க? சத்தம் கேக்கலன்னு?"

கேட்டது என்றுதான் பிலோமினா சொன்னாள். இவர் காதில் என்ன விழுந்தது?

அவள் இன்னொரு தடவை, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். அவர் பொறுமையாகத் தலையாட்டி, எழுதி, காட்டினார். தாளில், ஹம் இல்லை என்பதைச் சாட்சி மீண்டும் உறுதி செய்கிறார் என்று இருந்தது. அவர் முகத்தில் கள்ளம் இல்லை. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அதுதான் பயமாக இருந்தது.

அவள் பேச்சை விட்டாள். அவர் கையிலிருந்த பேனாவைக் காட்டிக் கேட்டு வாங்கி, ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதினாள். 'கிட்டாரைச் செருகி வையுங்கள். இருபது நிமிடம் காத்திருங்கள். கம்பியைத் தொட வேண்டாம்.'

அவர் புருவத்தைத் தூக்கினார். ஆனால் செருகினார். முன்பின் பழக்கமில்லாத இரண்டு பேர், நடுவில் ஒரு கிட்டாருடன், எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது நிமிடம் அவர் ஒரு கோப்பை எடுத்துப் புரட்டினார். பதினாறாவது நிமிடம் உறுமல் ஆரம்பித்தது. பிலோமினாவுக்கு அது மேஜைக்கால் வழியாகத் தரையில் இறங்குவதுகூடத் தெரிந்தது. இளங்கீரன் கோப்பில் ஒரு பக்கம் திருப்பினார்.

அவள் எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய், கிட்டாரின் பின்பக்கத்தைக் காட்டினாள். வெறும் மரம். கம்பியோ உலோகமோ இல்லாத இடம். தன் உள்ளங்கையை முதலில் வைத்துக் காட்டிவிட்டு, அவர் கையை வைக்கச் சொல்லிச் சைகை செய்தாள். பேஸ் வாசிக்கிறவர்களுக்குக் காது பாதிதான். மீதியை எலும்பு கேட்கும்.

அவர் கையை வைத்தார்.

உடனே எடுத்தார். மறுபடி வைத்தார். மரம் அவர் கைக்கடியில் துடித்துக்கொண்டிருந்தது. அவர் கண்கள் கிட்டாரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தன.

"இது அதிருது," என்றார். "ஆனா சத்தம் இல்லையே."

பிலோமினா தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் தயங்கினார். "அஞ்சு வருஷமா கழட்டினதில்ல," என்றார், ஏதோ தப்பு செய்தவர் போல. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். முகம் சுருங்கியது. ஜன்னலுக்கு வெளியே போன பஸ்ஸின் சத்தத்துக்குத் திடுக்கிட்டார். உறுமல் இப்போது அவருக்கும் கேட்டது. கிட்டாரைப் பார்த்துக்கொண்டே சுவிட்சை எட்டி அணைத்தார். அறை ஓய்ந்தது.

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கதவுப் பக்கம் தலையைத் திருப்பியபடி நின்றார்.

"யாரு அழறது?"

"வேதவல்லி அண்ணி சார். அவரு சம்சாரம்."

"எப்பத்திலேருந்து?"

"காலையிலேருந்து. உங்க முன்னாடி உக்காந்து பேசினப்பவும் அழுதுக்கிட்டேதான் பேசியிருப்பாங்க. வெளியில எனக்கே கேட்டுச்சு."

இளங்கீரன் முதல் தாளை எடுத்துப் பார்த்தார். நிதானமாக, தெளிவாக என்று தன் கையால் எழுதிய வரியில் அவர் கண் நின்றது. அதை நாலாகக் கிழித்தார். புதுத் தாள் எடுத்து, தேதி போட்டு, ஹம் இருக்கிறது, நானே கேட்டேன் என்று எழுதினார். விற்பனையை உடனே நிறுத்தவும், விற்றவற்றைத் திரும்பப் பெறவும் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். அவளிடம் ஒரு நகலும் கொடுத்தார். பிலோமினா படித்துப் பார்த்தாள். அவர் எழுதியது எழுதியபடியே இருந்தது.

"அவங்கள உள்ள கூப்பிடுங்கம்மா. மறுபடி மொதல்லேருந்து கேக்கறேன்," என்றவர், அவள் கதவை நெருங்கும் முன், "ஒரு நிமிஷம்," என்று நிறுத்தினார்.

மேஜைமேல் கிடந்த மொட்டுகளை அவர் தொடவில்லை. போனை எடுத்து, வீட்டு எண்ணை அழுத்தி, வெறும் காதில் வைத்துக்கொண்டார்.

"நான்தான்," என்றார். "ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன். நீ பேசு. எதுவா இருந்தாலும் பரவாயில்ல, பேசு."

அந்தப் பக்கம் யாரோ பேச ஆரம்பித்தார்கள். ஒரு பெண் குரல் என்பது மட்டும் பிலோமினாவுக்குத் தெரிந்தது. இளங்கீரன் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கை நாற்காலியின் முதுகைத் தேடிப் பிடித்தது. அவர் முகம் மாறுவதைப் பார்க்கப் பிடிக்காமல் பிலோமினா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.